சோப்பு வந்தால் வெள்ளைக்காரர் வருகிறார்

சும்மா யாரும் எதையும் தர மாட்டார்கள். எங்கள் வீட்டில் இதைப் பால் குடிக்கும் வயசிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அப்படியிருக்க, முகம் தெரியாத ஒரு ஜெர்மன்காரி, போக வர செலவும் தங்க இடமும் கொடுத்து, ஒரு கோடை முழுக்க எங்கள் ஆபீசில் உட்கார்ந்து ஆராய்ச்சி கற்றுக்கொள் என்று மெட்ராஸில் எம்.ஏ. படிக்கும் ஆம்பூர்ப் பெண்ணைக் கூப்பிட்டால் என்ன தோன்றும்? எனக்கு சந்தேகம்தான் வந்தது. அம்மாவுக்கு என்னைவிட ஜாஸ்தி.

"உன்ன எதுக்குடி கூப்டறாங்க? அவங்க ஊர்ல படிச்ச புள்ளைங்களே இல்லையா?"

"கொள்கை ஆராய்ச்சிம்மா. தொழிலாளிங்களுக்கு இன்னா விதி வேணும், இன்னா சட்டம் வேணும்னு எழுதிக் குடுக்கற ஆபீசு."

"அத எழுத ஆம்பூர்லேர்ந்து ஆள் வேணுமா? கிட்னிய எடுத்துட்டு தையல் போட்டு அனுப்பிடப் போறாங்க எஸ்தரு. ஜாக்கிரதையா இரு."

அப்போது சிரித்துவிட்டேன். ஆனால் விமானத்தில் கொடுத்த ஆரஞ்சு ஜூஸை மோந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தேன்.

இது ரெண்டாயிரத்து மூணாம் வருஷக் கோடையில். போன ஊர் ஆஃபன்பாக். பிராங்க்ஃபர்ட் பெரிய ஊர். அதை ஒட்டி, ஆற்றங்கரையில் இது. வேலூருக்குக் காட்பாடி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் பாஸ்போர்ட் பார்த்த ஆள் என்ன ஆராய்ச்சி என்று கேட்டான். தோல், ஷூ தொழில் என்றேன். "தோலா? ஆஃபன்பாக்கிலா?" என்று கேட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினான். எதுக்கு சிரித்தான்? இதிலேயே ரெண்டு நாள் போச்சு. அப்புறம்தான் தெரிந்தது, அந்த ஊரே ஒரு காலத்தில் தோல் ஊராம். அங்கே பாதி வீடுகளில் தாத்தா, அப்பா யாராவது ஒருவர் தோல் பை தைத்தவர்கள். இப்போது ஒன்றும் இல்லை. அங்கே நாற்றம் போய், எங்கள் ஊருக்கு வந்துவிட்டது. அதற்கு மேல் எங்களுக்கு விதியும் எழுதிக் கொடுக்கிறார்கள். நல்ல கதை.

ரூம் மூணாவது மாடியில், கூரைக்குக் கீழே. சுத்தமாக இருந்தது. இவ்வளவு சுத்தமாக ஏன் வைத்திருக்கிறார்கள் என்று கட்டில் அடியில் குனிந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. அண்ணாந்து பார்த்தேன், அங்கேயும் ஒன்றும் இல்லை. ஃபேன் இல்லை, ஃபேன் மாட்டும் கொக்கியும் இல்லை.

அந்த வருஷம் அங்கே அடித்த வெயிலை அந்த ஊர்க்காரர்களே பார்த்ததில்லை என்றார்கள். வேலூர்ப் பக்கத்து வெயிலில் வளர்ந்தவளுக்கு வெயில் புதுசா என்று கேட்பீர்கள். எங்கள் வெயிலுக்கு ஃபேன் உண்டு, மொட்டை மாடி உண்டு, மோர் உண்டு. அங்கே குளிருக்காகக் கட்டிய வீடு, உள்ளே போன சூட்டை வெளியே விடாது. ராத்திரி தரையில் ஈரத்துணியை விரித்துப் படுத்தேன்.

காலையில் ஆபீஸ் போனால் பார்பரா கேட்பார், "ரூமில் எல்லாம் சரியாக இருக்கிறதா? ஏதாவது குறை உண்டா?" பார்பராதான் என்னைக் கூப்பிட்ட அம்மையார். ஐம்பதைத் தாண்டிய வயசு, ஒட்ட வெட்டிய நரைமுடி, சைக்கிளில் வருவார், சிரித்த முகம். சிரித்த முகத்தோடு குறை கேட்கிற ஆளிடம் எங்கள் ஊர்க்காரர்கள் என்ன பதில் சொல்வோமோ அதையே நானும் சொன்னேன்.

"ஒரு குறையும் இல்லை மேடம். நன்றாகப் பார்த்துக்கொள்கிறீர்கள்."

தினமும் கேட்டார், நானும் தினமும் இதையே சொன்னேன். முதுகெல்லாம் வேர்க்குரு.

ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், அதற்கு ஆடிட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் பக்கம் ஆடிட் என்றால் கணக்குப் பார்ப்பது இல்லை. ஷூ வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி ஆட்கள் ஃபேக்டரியைப் பார்க்க வரும் நாள்தான் ஆடிட். அம்மா வேலை செய்யும் ஃபேக்டரியில் அது ஒரு திருவிழா. முதல் நாளே பாத்ரூமில் சோப்பு வந்துவிடும். "சோப்பு வந்துட்ச்சி, வெள்ளக்காரன் வர்றான்" என்று பெண்கள் சொல்லிக்கொள்வார்கள். பீரோவைத் திறந்து கையுறையும் முகமூடியும் கொடுப்பார்கள். சாயந்தரம் திருப்பி வாங்கிப் பூட்டிவிடுவார்கள். வாய் நீளமான பெண்களுக்கு அன்றைக்கு லீவு, சம்பளத்தோடு.

அம்மா பேஸ்டிங் செக்‌ஷன். தோலின் ஓரத்தை மடித்து, சொல்யூஷன் தடவி ஒட்டுகிற இடம். சொல்யூஷன் என்றால் பசை. அதன் வாடை மூக்கில் ஏறி, மண்டையில் ஏறி, சாயந்தரம் வீட்டுக்கு வந்து சோற்றில் உட்கார்ந்துகொள்ளும். அந்த வாடையை வெளியே தள்ள சுவரில் பெரிய ஃபேன் ஒன்று உண்டு. கரண்ட் வீண் என்று ஆடிட் அன்று மட்டும்தான் அதைப் போடுவார்கள். அம்மாவுக்கு ஒரு வருஷமாக இருமல். டாக்டர் புகை பிடிப்பாங்களா என்று கேட்டாராம். அம்மாவுக்கு அதில் இன்னும் கோபம்.

ஆடிட்டில் என்ன பதில் சொல்லவேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்து அனுப்புவார்கள். நான் பத்தாவது படித்த காலத்திலிருந்து அம்மாவை அப்படி ஒப்பிக்க வைப்பது என் வேலை. நான் வெள்ளைக்காரி, அம்மா அம்மாதான்.

"கையுறை குடுக்கறாங்களா?"

"தெனமும் குடுக்கறாங்க மேடம்."

"ஃபேன் ஓடுதா?"

"தெனமும் ஓடுது மேடம்."

"ஏதாவது குறை?"

"ஒரு கொறையும் இல்ல மேடம். எங்கள நல்லா பாத்துக்கறாங்க."

அம்மா நடுவில் சிரித்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து. நான் கண்டிப்பான வெள்ளைக்காரி.

இப்போது பார்பராவின் ஆபீசுக்கு வாருங்கள். என்னை உட்காரவைத்த அறையில் சுவரில் ஒரு மேப். நீலத்தில் ஒரு கோடு, அது பாலாறு. மேப்பில் மட்டும் தண்ணீர் இருந்தது. ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி எல்லாவற்றிலும் சிவப்பு ஊசி குத்தியிருந்தார்கள்.

"ஷூ விற்கிற கம்பெனிகள் எங்களிடம் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள்," என்றார் பார்பரா. "ஃபேக்டரிகளில் தொழிலாளிகளிடம் என்ன கேட்டால், எப்படிக் கேட்டால் உண்மை தெரியும்? அதற்கு ஒரு முறை வேண்டும். உன் விண்ணப்பத்தில் உன் அம்மா ஷூ ஃபேக்டரியில் வேலை செய்கிறார் என்று எழுதியிருந்தாய், இல்லையா?"

அகப்பட்டுக்கொண்டாயடி எஸ்தரு என்று நினைத்துக்கொண்டேன். என் மார்க்கைப் பார்த்துக் கூப்பிடவில்லை, உளவு சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் வாயைத் திறந்தால் ரெண்டில் ஒன்று நடக்கும். அந்த ஃபேன் தினமும் ஓடும். இல்லாவிட்டால் இந்த ஊர்க் கம்பெனி ஆர்டரை வேறு தேசத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விடும், அம்மா வீட்டில் உட்காருவாள். எது நடக்கும் என்று யார் சொல்வது?

"ஆமாம் மேடம்," என்றேன். "அங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது." பார்பரா சாப்பிடப் போகலாம் என்றார்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் பயணக் கட்டுரை என்று யார் ஒப்புக்கொள்வார்கள். தண்ணீர் கேட்டால் நுரைக்கிற தண்ணீர் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் புது இடத்தில் தண்ணீரை ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் குடிப்போம், உப்பா, தோல் பதனிடும் வாடையா என்று. இந்தத் தண்ணீர் நாக்கைக் கடித்தது. கெட்டுப்போச்சு என்று கீழே வைத்துவிட்டேன். பச்சையாக ஒரு சாஸ் வந்தது. புதினா சட்னி என்று நம்பி உருளைக்கிழங்கைத் தோய்த்து வாயில் போட்டேன். ஏழு வகைக் கீரையைப் பச்சையாக நறுக்கித் தயிரில் போட்டதாம், சில்லென்று, காரம் ஒரு பொட்டு இல்லை. எதிரே உட்கார்ந்திருந்த தோமாஸ் எப்படி இருக்கிறது என்று கேட்டான். ஒரு குறையும் இல்லை என்றேன்.

தோமாஸ் அங்கே டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டே வேலை செய்கிறவன். ஒல்லி, உயரம், எதைச் சொன்னாலும் "சுவாரஸ்யம்" என்பான். இவனையும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆம்பூர் பிரியாணியைப் பற்றி என்னிடம் ரொம்ப விசாரித்தான். மேப் மாட்டி வைத்திருக்கிற ஆபீசில் பிரியாணியை எதுக்கு விசாரிக்கிறான்?

சனிக்கிழமை பிராங்க்ஃபர்ட்டுக்கு ரயில் ஏறினேன். அங்கே ஸ்டேஷன் வாசலில் கேட்டும் இல்லை, டிக்கெட் கிழிக்கிறவரும் இல்லை, யார் வேண்டுமானாலும் ஏறலாம். இப்படி ஒரு ஊர் இருக்குமா? எங்கேயோ கேமரா வைத்திருக்கிறார்கள் என்று உத்தரத்தைப் பார்த்துக்கொண்டே மெஷினில் பட்டனை அமுக்கி டிக்கெட் எடுத்தேன். ரயில் கிளம்பி ரெண்டு ஸ்டேஷன் போயிருக்கும். எதிர் சீட்டில் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு, முதுகுப்பையோடு பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த ஒருத்தன் எழுந்து, காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி, சட்டைக்குள்ளிருந்து அட்டையை எடுத்தான். டிக்கெட் செக்கர்.

நான் நிம்மதியாக டிக்கெட்டைக் கொடுத்தேன். அவன் டிக்கெட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "இது குழந்தைகளுக்கான டிக்கெட்," என்றான். பட்டன் மாற்றி அமுக்கியிருக்கிறேன். அபராதம் போட்டான். பக்கத்தில் இருந்த கிழவி அவனிடம் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். "இந்தப் பெண் எவ்வளவு குள்ளம் பாருங்கள், மெஷினே ஏமாந்திருக்கும் என்கிறார்," என்றான் அவன், அபராதச் சீட்டைக் கிழித்தபடி.

எங்கள் ரயிலில் செக்கர் கறுப்புக் கோட்டுப் போட்டு வருவார். ரெண்டு பெட்டிக்கு முன்னாலேயே தகவல் வந்துவிடும், எழுந்து போகிறவர்கள் போய்விடுவார்கள். இங்கே கேட் இல்லாத காரணம் அப்போதுதான் விளங்கியது. எப்போது வருவான் என்று தெரியாது. அதனால் எல்லோரும் டிக்கெட் எடுக்கிறார்கள்.

அன்றைக்குத் தேடிப் போனது ஒரு தமிழ்க் கடையை. அரிசி, மிளகாய்த்தூள், உள்ளே ரெண்டு போன் கூண்டு. கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். "எங்கயிருந்து வாறீங்கள் பிள்ளை? ஆம்பூரோ? அது சப்பாத்து செய்யிற இடமல்லோ," என்றார். தமிழைக் கேட்டதில் எனக்கு சந்தோஷம். கூடவே, ஆம்பூர் இவருக்கு எப்படித் தெரியும் என்ற யோசனையும் வந்தது. சப்பாத்தைப் புரட்டிப் பார்த்தால் தெரியும்தானே என்றார் அவர். சப்பாத்து என்றால் ஷூ.

எங்கள் வீட்டில் போன் இல்லை. பக்கத்து வீட்டு சாமுவேல் அண்ணன் வீட்டுக்குத்தான் பேசவேண்டும். அவர் அம்மாவின் ஃபேக்டரியிலேயே சூப்பர்வைசர். நல்ல மனுஷன், கூப்பிட்டதும் அம்மாவை ஆளனுப்பி வரவழைப்பார். ஆனால் போன் அவர் வீட்டுக் கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில். அம்மா பேசுவதை வீடே கேட்கும்.

"சாப்ட்டியாம்மா? இருமல் எப்படி இருக்கு?"

"அதெல்லாம் நல்லாகீது." சொல்லும்போதே இருமினாள். இருமி முடிக்கும் வரைக்கும் போனைத் தள்ளி வைத்துக்கொண்டாள், அதுவும் கேட்டது.

"வேலை எப்படிம்மா போவுது? அந்த ஃபேன் போடறாங்களா?"

பின்னால் டிவியில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு கொறையும் இல்லம்மா," என்றாள். "எங்கள நல்லா பாத்துக்கறாங்க."

என்னிடமே சொல்கிறாள். நான் சொல்லிக்கொடுத்த பதிலை, நான் சொல்லிக்கொடுத்த ராகத்திலேயே. கூண்டுக்குள் நின்றுகொண்டு எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. கடைக்காரர் தேத்தண்ணி குடிக்கிறீங்களோ என்று கேட்டார். பதில் சொல்லாமல் வெளியே வந்துவிட்டேன், பாவம் அவர்.

மறுவாரம் பார்பரா என்னை ஆற்றங்கரைக்கு நடக்கக் கூட்டிக்கொண்டு போனார். ஆறு நிறையத் தண்ணீர், வாத்துகள், படகுகள். பாலாற்றில் இவ்வளவு தண்ணீரை நான் பார்த்ததில்லை. ஒரு பழைய கட்டடத்தைக் காட்டி, அங்கேதான் தன் அப்பா கைப்பைக்குத் தோல் வெட்டினார், என்றார். மலிவாக வேறு தேசத்தில் செய்கிறார்கள் என்று ஒரு நாள் மூடிவிட்டார்களாம். அப்புறம் அப்பா பேச்சையே குறைத்துக்கொண்டாராம்.

எனக்கு மனசு இளகத்தான் செய்தது. ஆனாலும், என் வாயைக் கிளறத்தான் இந்தக் கதையோ என்று உள்ளே ஒரு குரல். கேட்டுவிடுவோம் என்று நேராகவே கேட்டேன். "நான் உண்மையைச் சொன்னால் எங்கள் ஊர் ஃபேக்டரியையும் அப்படி மூடிவிடுவார்களா?"

இல்லை, கவலைப்படாதே, என்று சொல்லியிருந்தால் நான் ஒரு வார்த்தை நம்பியிருக்க மாட்டேன்.

"எனக்குத் தெரியாது எஸ்தர்," என்றார். "மூடக்கூடாது என்று என் அறிக்கையில் எழுதுவேன். அதைப் படிப்பார்களா என்று தெரியாது."

அங்கே வந்த பிறகு நான் கேட்ட பதில்களில் அது ஒன்றுதான் நம்புகிற மாதிரி இருந்தது.

பார்பரா சொல்லி, தொழிலாளிகளிடம் கேட்கவேண்டிய கேள்விகளை நான் எழுதியிருந்தேன். அதைப் பார்க்க ஷூ கம்பெனி ஆள் ஒருவர் கூட்டத்துக்கு வந்தார். அவ்வளவு வெயிலில் கோட்டு, வியர்க்கவே இல்லை. நான் தயாரித்த கேள்விகளைப் புரட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்கள் அந்த ஊர்க்காரர். எங்கள் ஆட்கள் போய்க் கேட்கும்போது தொழிலாளிகள் மனம் விட்டுத்தானே பேசுகிறார்கள்?"

அவருக்கு ஆமாம் என்ற பதில்தான் வேண்டும். அது முகத்திலேயே எழுதியிருந்தது. எனக்குக் காதில் அம்மாவின் இருமல்.

"இல்லை," என்றேன். "நீங்கள் வருவதற்கு முதல் நாள் பாத்ரூமில் சோப்பு வைக்கிறார்கள். சோப்பைப் பார்த்ததும் என்ன பேசவேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்."

அப்புறம் நிறுத்த முடியவில்லை. பீரோவில் பூட்டிய கையுறை, ஓடாத ஃபேன், லீவு கொடுக்கப்பட்ட வாய்கள் எல்லாம் சொன்னேன். முன்கூட்டிச் சொல்லாமல் போங்கள் என்றேன். ஃபேக்டரிக்கு உள்ளே கேட்காதீர்கள், சாயந்தரம் கம்பெனி வேன்கள் பெண்களை இறக்கிவிடும் இடத்தில் நின்று கேளுங்கள், அங்கே சூப்பர்வைசர் இருக்க மாட்டார். கோட்டுக்காரர் எந்த ஃபேக்டரி என்று கேட்டார். அதை மட்டும் சொல்ல மாட்டேன் என்றேன். அதை அவள் சொல்லவேண்டியதில்லை என்றார் பார்பரா. தோமாஸ் "சுவாரஸ்யம்" என்றான்.

அவனைத்தான் ஆம்பூருக்கு அனுப்பினார்கள். மெட்ராஸிலிருந்து மொழிபெயர்க்கிற ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல், வேன் இறங்கும் இடத்தில் நிற்பதாக ஏற்பாடு. அம்மாவின் வேனும் அங்கேதான் நிற்கும். எந்த வாரம் என்பது எனக்குத் தெரியும். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பயப்படாதே, அவர்கள் நம்ம ஆட்கள், இருப்பதைச் சொல் என்று. ஆனால் போன் சாமுவேல் அண்ணன் கூடத்தில் இருக்கிறது. அம்மாவுக்குச் சொன்னால் ஃபேக்டரிக்கே சொன்ன மாதிரி, மறுநாள் சோப்பு வந்துவிடும். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தோமாஸ் வெயிலில் சிவந்து திரும்பி வந்தான். பிரியாணியைப் பற்றி ரொம்ப நேரம் பேசினான். அப்புறம் அறிக்கையை நீட்டினான். வேன் இறங்கும் இடத்தில் பெண்களைப் பார்த்தார்கள், தனியாகப் பேசினார்கள், சூப்பர்வைசர் யாரும் பக்கத்தில் இல்லை. கையுறை தினமும் தருகிறார்கள். ஃபேன் தினமும் ஓடுகிறது. ஒருவருக்கும் குறை இல்லை.

"ஒருவேளை நீ கொஞ்சம் அதிகமாகச் சந்தேகப்படுகிறாயோ," என்றான், தன்மையாகத்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவன் வேன் பக்கமே போயிருக்க மாட்டான். யாரோ முதலாளி ஏசி காரில் ஏற்றி, பிரியாணி வாங்கிக் கொடுத்து, தோஸ்த் பிடித்து அனுப்பியிருக்கிறார். ஒரு பொட்டலத்துக்கு விலை போனவன். கோட்டுக்காரருக்கு ரொம்பச் சந்தோஷம், இப்போது இருக்கிற முறையே போதும் என்று எழுதி அனுப்பினாராம். நான் கிளம்பும் நாளில் தோமாஸ் கை கொடுத்தான், நான் பெட்டியைத் தூக்குகிற சாக்கில் கையைக் கொடுக்கவில்லை.

மெட்ராஸில் இறங்கி பஸ் பிடித்தேன். வேலூர் தாண்டி, பள்ளிகொண்டா தாண்டி, ஆம்பூர் நெருங்க நெருங்க ஜன்னல் வழியாகத் தோல் வாடை வந்தது. முன் சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கு வீடு வந்துவிட்டது என்று இருந்தது.

அம்மா இளைத்திருந்தாள். மீன் குழம்பு வைத்திருந்தாள். என்னை உட்காரவைத்துப் போட்டுக்கொண்டே, ஏதோ நல்ல சேதி வைத்திருக்கிறவள் மாதிரி சிரித்தாள்.

"உங்க ஆபீஸ் பையன் வந்தானே. ஒல்லியா, நெட்டையா."

கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது. "எங்கம்மா வந்தான்?"

"வேன் எறங்கற எடத்துல நின்னுன்னு இருந்தான். கூட ஒரு மெட்ராஸ் பொண்ணு. எங்களுக்கு எதுக்கு வம்புன்னு எல்லாரும் ஒதுங்கிப் போனாங்க. நானும் போயிருப்பேன். அந்தப் பொண்ணு, ஜெர்மனில ஆஃபன்பாக்னு ஒரு ஊரு, அங்கேர்ந்து வர்றோம்னுச்சு. எனக்கு பக்குனு ஆயிட்ச்சி. நின்னுட்டேன்."

"இன்னா கேட்டாங்க?"

"நீ கேப்பியே, அதேதான். கையுறை, ஃபேனு, கொறை."

"பக்கத்துல யார் இருந்தாங்க? சாமுவேல் அண்ணனா?"

"ஒருத்தரும் இல்ல. அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு. பேரு வெளிய வராது, பயப்படாம சொல்லுங்கக்கான்னு கைய புடிச்சினு சொல்லுச்சு."

"அப்புறம் ஏம்மா சொல்லல?"

அம்மா என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள்.

"எப்படிடி சொல்வேன்? நீ அங்க அவங்க சோத்த சாப்டுன்னு, அவங்க ரூம்ல படுத்துன்னு இருக்கற. கண் காணாத தேசம். இவ அம்மா கொறை சொல்றவன்னு தெரிஞ்சா உன்ன இன்னா பண்ணுவாங்களோ, பாதில அனுப்பிடுவாங்களோ, படிப்புல கைய வெச்சிடுவாங்களோ. எனக்கு அந்த ஃபேனா பெருசு?" இருமல் வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, முடிந்ததும் தொடர்ந்தாள். "பேஸ்டிங்ல நான்தான பெரியவ. நான் சொன்னதப் பாத்துட்டு மத்ததுங்களும் வந்து அதையே சொல்லிச்சுங்க."

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. யாரைக் கோபிப்பது என்று தெரியவில்லை. அந்த இடத்தில் நின்று கேளுங்கள் என்று ஊசி குத்தின மாதிரி இடம் காட்டிக் கொடுத்தவள் நான். அம்மாவுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவளும் நான். தோமாஸ் ஒரு பொய்யும் எழுதவில்லை.

"ஒரு எடத்துலயும் தெணறல," என்றாள் அம்மா. "சிரிக்கக்கூட இல்ல. நீ சொல்லிக் குடுத்தா மாரியே சொன்னேன். சரியாத்தான சொன்னேன்?"

பள்ளிக்கூடத்தில் ஒப்பித்துவிட்டு டீச்சர் முகத்தைப் பார்க்கிற பிள்ளை மாதிரி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரியாத்தாம்மா சொன்ன," என்றேன்.

அம்மாவுக்கு முகமெல்லாம் சந்தோஷம். இன்னொரு கரண்டி சோறு வைத்து, மீனில் நல்ல துண்டாகப் பார்த்து எடுத்துப் போட்டாள்.